மாங்கனி நாள் பிஸ்கட்

வெண்ணெய் பிஸ்கட் பிழிவதற்குக் காரைக்கால் தோதான ஊர் இல்லை. ஆனி மாதத்தில் வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அது இளகிக் கிடக்கும். இளகிய மாவில் பூ நிற்காது. பிழியும்போது இதழ் இதழாகத்தான் விழும். ஓவனுக்குள் போனதும் பரந்து வரட்டி மாதிரி ஆகிவிடும். அதனால் பிழிந்த தட்டை அப்படியே ஃப்ரீசரில் வைத்து, கல் மாதிரி இறுகிய பிறகுதான் ஓவனுக்குள் தள்ள வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை மேடம். பதினோரு வருடம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றீர்கள். அதனால்தான் வெண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன்.

என் பெயர் தேவிகா. வயது நாற்பத்திரண்டு. தருமபுரத்தில் என் கணவர் நவநீதன், மாமியார் பெரியநாயகி, நான் என்று மூன்று பேர் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்பக்க அறையில் ஓவன் வைத்து கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கிறேன். வீட்டிலேயே ஏசி உள்ள அறை அது ஒன்றுதான், அதுவும் வெண்ணெய்க்காக. ஊரில் விசாரித்துப் பாருங்கள், தேவிகா அக்கா கேக் என்றால் தெரியும். திருமலைராயன்பட்டினத்து சித்திக்கா வருடா வருடம் பெருநாளுக்கு என்னிடம்தான் வாங்குவாள்.

எழிலன் என் கணவரின் தம்பி. சென்னைப் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. இந்த வருடம் பயிற்சிக்காக அவனை மூன்று மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். வெளிநாடு போய் வருகிறவர்கள் சாக்லேட்டும் செண்ட்டும் வாங்கி வருவார்கள். அவன் எனக்கு ஒரு பை நிறையப் பொடிப் பொட்டலங்கள் வாங்கி வந்தான்.

"அண்ணி, அங்க இதெல்லாம் போட்டுத்தான் பிஸ்கட் பண்றாங்க. கலர் கலரா பூ மாதிரி பிழிஞ்சு வச்சிருக்கான். பாத்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு" என்றான்.

மச்சா என்று ஒரு பச்சைத் தேயிலைப் பொடி. யுசு என்று ஒரு பழத்தின் தோலைக் காயவைத்து அரைத்தது. எலுமிச்சைக்கும் நார்த்தங்காய்க்கும் பிறந்த மாதிரி ஒரு வாசனை. சகுரா என்று அந்த ஊர்ச் செர்ரிப் பூ, உப்பில் ஊறவைத்துப் பொடித்தது. பெட்டியில் வைத்த பட்டுப்புடவையைத் திறந்தால் வருமே, அது மாதிரி மெல்லிய வாசனை. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று யோசித்து யாரும் எதுவும் வாங்கி வந்து நாளாகியிருந்தது.

"கறுப்பு எள்ளுலயும் பண்ணுவாங்க அண்ணி. அதை மட்டும் வாங்கலை. ஏன்னு உங்களுக்கே தெரியும்" என்றான்.

தெரியும். அவன் மனைவி அறிவுமதிக்கு எள் ஆகாது.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மதிக்கு எள் ஆகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று எங்கேயும் எழுத மாட்டேன். கல்யாணமாகி அவள் வந்த முதல் தீபாவளிக்கு நான்தான் அதிரசம் சுட்டேன். அதில் வெள்ளை எள் போடுவோம், எல்லோரும் போடுவதுதான். எள் சாப்பிட்டால் கொஞ்சம் அரிக்கும் என்று மட்டும்தான் அவளுக்கே அதுவரை தெரியும். பாதி அதிரசம் சாப்பிட்டாள். உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சுக்கு இழுத்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டாக்டர் வராந்தாவில் வைத்து எங்களிடம் சொன்னார்: "இந்தத் தடவை பொழச்சுக்கிட்டாங்க. அடுத்த தடவை நமக்கு டைம் குடுக்காது." நான் அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தேன்.

அந்த அதிரசம் தெரியாமல் நடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், மதியும் சொன்னாள். ஆனால் வீடு திரும்பியதும் அத்தை செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை டின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். இட்லிப்பொடி மாறியது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு எள் சாதம் நின்றது. மதி வருடத்தில் நான்கைந்து முறைதான் வருவாள், ஆனாலும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அந்தச் சமையலறை அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் வரும் நாளில் அத்தை என்னிடம், "தேவிகா, கையைக் கழுவிக்கிட்டியா" என்பார். கழுவினேன் என்றால், "இங்க காட்டு" என்று என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பார். விரல் இடுக்கு வரைக்கும் மோந்து பார்ப்பார். மூன்று வருடமாக.

ஒருவர்கூட என்னைத் திட்டியதில்லை. மோந்து மட்டும் பார்ப்பார்கள்.

மதியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். கால்வலி என்றால் காலைப் பிடித்துவிட வருவாள். "என்னால உங்களுக்குத்தான் எவ்வளவு தொந்தரவுக்கா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். பிரான்சில் இருக்கும் அவள் மாமா அவளுக்கு ஒரு ஊசி வாங்கி அனுப்பியிருந்தார். பேனா மாதிரி இருக்கும், தொடையில் வைத்து அழுத்தினால் போதும். அதை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருப்பாள். எப்படிப் போடுவது என்று அவள் சொல்லிக்கொடுத்தது வீட்டில் என் ஒருத்திக்குத்தான்.

"அவருக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வந்துடும். அத்தைக்குக் கை நடுங்குது. எனக்கு முடியலைன்னா நீங்கதான்க்கா போடணும். உங்க கைதான் ஆடாம இருக்கு" என்றாள்.

உண்மைதான். என் கை ஆடாது. அதனால்தான் பூ ஒரே அளவில் விழுகிறது.

வைகாசியில் எழிலன் போன் செய்தான். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். ஆடிக்கு முன்னால் இருவரும் காரைக்காலுக்கே வந்துவிடப் போகிறார்கள். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைத்ததும் நேராகப் பின்பக்க அறைக்கு வந்து, வாசலில் நின்று நாலு சுவரையும் பார்த்தார்.

"ஏசி இருக்கிறது இது ஒண்ணுதான். அவன் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். உன் அடுப்பைக் கொல்லைக் கொட்டகையில போட்டுக்கலாம்ல?" என்றார்.

கொட்டகை என்பது தகரம் போட்டது. அதில் வெண்ணெய் நிற்காது. என் கணவரிடம் சொன்னேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கயேன் தேவி" என்றார். அவர் எதற்குமே அதைத்தான் சொல்வார். நானும் சரி என்றேன். கோபப்படவில்லை மேடம். கோபத்தில் செய்ததாக எழுதினால் தண்டனை குறையும் என்று ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கணக்காக ஒரு யோசனைதான் வந்தது.

மாங்கனித் திருவிழாவுக்கு எழிலனும் மதியும் நான்கு நாள் முன்பே வந்தார்கள். அத்தையின் தம்பி தெட்சிணாமூர்த்தி மாமாவின் வீடு சாமி வரும் வீதியிலேயே இருக்கிறது. வருடா வருடம் அந்த மொட்டைமாடியில்தான் நாங்கள் எல்லோரும் கூடுவோம். கீழே சாமி போகும்போது மேலிருந்து மாம்பழம் இறைப்போம். அன்றைக்கு ஜப்பான் பிஸ்கட் செய்து எடுத்துவருகிறேன் என்று சொன்னேன். எழிலன் குதிக்காத குறை. மாதிரிக்கு மச்சாவில் நான்கு பிழிந்து அத்தைக்குக் கொடுத்தேன். மென்றுவிட்டு, "என்னா இது, முருங்கைக்கீரையைச் சக்கரை போட்டுத் தின்ன மாதிரி இருக்கு" என்றார். மதி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நான்கு நாளும் வீடு கலகலப்பாகத்தான் இருந்தது.

பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று நிறம் ஆயிற்று. நான்காவதாகக் கறுப்பு இருந்தால்தான் டப்பா எடுப்பாக இருக்கும் என்று மதியிடமே கேட்டேன். கறுப்பு எள்ளில் கொஞ்சம் செய்யட்டுமா, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"ஐயோ, எனக்காக எதுக்குக்கா விடணும். ஜப்பான்ல அதுதான் ஸ்பெஷல்னு இவர் சொன்னாரு. தனி டப்பாவுல வச்சிருங்க, போதும்" என்றாள்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. மதிதான் சமாதானம் செய்தாள். கறுப்பு பிஸ்கட்டைச் சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் எள் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். ஒருவருக்கு ஒரு இடத்தில் ஆபத்து என்று காட்டிவிட்டால், மற்ற இடத்தை அவர்கள் பார்ப்பதில்லை.

வெள்ளை எள்ளை வறுத்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். வறுக்காமல் தோல் நீக்கி மைய அரைத்தால் வாசனை கிடையாது, வெண்ணெயோடு வெண்ணெயாகப் போய்விடும். இளஞ்சிவப்பு மாவில்தான் சேர்த்தேன். சகுராவின் உப்பும் வாசனையும் மேலே நிற்கும். அந்த நிறம் மதிக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும், அவளுடைய சுடிதாரில் பாதி அந்த நிறம்தான். நான்கு நிறத்திலும் அதுதான் அழகாக வந்தது. பூவில் ஒரு இதழ்கூடச் சாயவில்லை.

தட்டு ஃப்ரீசரில் இருக்கும்போது மதி அறைக்குள் வந்தாள். திருவிழாவுக்கு முதல் நாள் மதியம். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, அத்தை இந்த ரூமை எங்களுக்குத் தரப்போறதா சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். இது உங்க இடம். நாங்க மாடியில ஒரு ஏசி போட்டுக்கிறோம். அவருகிட்டயும் சொல்லிட்டேன், அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க எதுவும் மனசுல வச்சுக்காதீங்க."

"சரிம்மா" என்றேன்.

அவள் போன பிறகு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அறை போகப் போவதில்லை என்றால் இதையெல்லாம் செய்யக் காரணமே இல்லையே என்று தோன்றத்தான் செய்தது. அவள் விட்டுக்கொடுத்த அறையில் உட்கார்ந்து எத்தனை வருடம் பிழிவது என்றும் தோன்றியது. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க நேரம் இருந்தது. ஆனால் தட்டு இறுகிவிட்டது. ஓவனும் சூடாகிவிட்டது. பிழிந்த மாவைத் திரும்பப் பைக்குள் போட முடியாது மேடம். தட்டை உள்ளே தள்ளினேன்.

மறுநாள் காலை மதி குளிக்கப் போயிருந்தாள். அவள் கைப்பை கூடத்து நாற்காலியில் இருந்தது. அந்த ஊசியின் உறையில் வெயில் படாமல் வைக்கவும் என்று படம் போட்டிருக்கும், அவளே எனக்குக் காட்டியிருக்கிறாள். அன்று வெயில் நெருப்பாகக் கொளுத்தியது. மொட்டைமாடியில் நிழல் கிடையாது. ஊசியை எடுத்து ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற இடம்தான்.

மாமா வீட்டு மாடியில் கூட்டம். வீதியில் தலைக்குமேல் தலை. எல்லா மாடியிலிருந்தும் பழம் பறக்கிறது, கீழே கைகள் எம்பி எம்பிப் பிடிக்கின்றன, பிடித்த பழத்தைச் சேலையில் முடிந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த வீதிக்குள் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. காரைக்காலில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். மதிக்கு அரியலூர்ப் பக்கம், மாங்கனிக்கு அவள் வந்ததே இதுதான் முதல் தடவை. கூடையிலிருந்து பழத்தை எடுத்து, இறைக்கத் தெரியாமல், பந்து போடுவது மாதிரிப் போட்டாள். கீழே ஒரு பெரியவர் சரியாகப் பிடித்துவிட்டு இவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நான் மறக்கவில்லை.

டப்பாவைத் திறந்து நீட்டினேன். கை இளஞ்சிவப்புக்குத்தான் போனது. வாய்க்குக் கொண்டுபோகும் முன் நிறுத்தினாள்.

"அக்கா, கறுப்பு எள்ளு இதுல எதுலயும் இல்லல்ல?"

"கறுப்பு எள்ளு கறுப்புலதாம்மா. அது அந்தச் சின்ன டப்பாவுல தனியா இருக்கு" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சாப்பிட்டாள். "வாயில வச்சதும் கரையுதுக்கா" என்று இன்னொன்றும் எடுத்தாள். எழிலன் போட்டோ எடுத்தான். அந்த போட்டோ உங்களிடம் இருக்கிறது.

ஐந்து நிமிடம் இருக்கும். இருமினாள். தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. கைப்பையை எடுத்துத் துழாவினாள். பிறகு தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, பர்ஸ், சாவி, மாத்திரை அட்டை. அதற்குள் குரல் போய்விட்டது. "அக்கா, ஊசி" என்றாள், காற்று மட்டும்தான் வந்தது.

"வெயிலுக்கு வீணாயிடும்னு வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சேன்மா" என்றேன்.

எழிலன் தருமபுரத்துக்கு ஓடினான். படியில் அவன் விழுந்து எழுந்தது மேலே கேட்டது. மாமாவும் என் கணவரும் இன்னும் நான்கு பேரும் மதியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார்கள். வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. ஜனங்கள் வழிவிடத்தான் பார்த்தார்கள், விலக இடம்தான் இல்லை. அவளைத் தூக்கும் வரைக்கும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் என் கையை இறுக்கித்தான் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எழிலன் ஊசியோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எழிலன்தான் என்னைத் தேற்றினான். "நல்லதுக்குத்தான வச்சீங்க அண்ணி, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அத்தோடு போயிருக்கும் மேடம். நீங்களும் கோப்பை மூடியிருப்பீர்கள்.

ஆனால் காரியத்துக்கு வந்த பெண்களிடம் அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. "கறுப்பைக் கலந்த கரண்டியைக் கழுவாம அப்படியே சிவப்புக்குப் போட்டிருக்கா. வேற எப்படி வரும்? அவளுக்கு எப்பவும் அவசரம். அன்னைக்கு அதிரசத்துலயும் இப்படித்தான்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார்.

அடுத்த வாரம் சித்திக்கா போன் செய்தாள். அவள் தங்கை நிக்காஹுக்கு என்னிடம் பிஸ்கட் சொல்லி வைத்திருந்தாள். ரொம்ப நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. வூட்ல எல்லாரும் பயப்படுறாங்க. கரண்டி கிரண்டி மாறிப்போச்சுன்னு சொல்றாங்க. இந்தத் தடவை வேற எடத்துல பாத்துக்கிறோம்" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மதி போனபோதுகூட நான் தூங்கினேன். கரண்டி மாறிப்போச்சு என்கிறார்கள். நான்கு மாவுக்கு நான்கு கிண்ணம், நான்கு கரண்டி, நான்கு பை. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் மேடையை வெந்நீர் ஊற்றித் துடைத்தேன். பச்சையில் ஒரு துளி மஞ்சள் கிடையாது. நீங்கள் எடுத்துப்போன மீதி பிஸ்கட்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பச்சையையும் மஞ்சளையும் சேர்த்தே அனுப்புங்கள். எள்ளின் தூசிகூட இருக்காது. இளஞ்சிவப்பில் எவ்வளவு இருக்கும் என்பதையும் நானே சொல்கிறேன். ஒரு கிலோ மாவுக்கு நூற்றைம்பது கிராம். கழுவாத கரண்டியில் அவ்வளவு ஒட்டாது.

நேற்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தபோது உங்கள் ஏட்டம்மா எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பதினோரு வருடத்தில் என் அறையில் ஒரு கிண்ணத்துப் பொருள் எனக்குத் தெரியாமல் இன்னொரு கிண்ணத்துக்குப் போனது கிடையாது. அன்றைக்குப் போனதும் தெரிந்துதான் போனது.